ஐந்நூற்று இருபத்தொன்று

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடி.
கீழே பேக்கரி.
வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்
பாண் வாசத்தைத் தாண்டித்தான் எங்களிடம் படியேற வேண்டும்.
நான் இரத்தம் எடுக்கிறவள்.
மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்கிறது பட்டம்.
அது அட்டைக் குழாயில், கட்டிலுக்கு அடியில்.

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
கைக்கு வருவது ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
தவணை இருபத்திரண்டாயிரத்து எண்ணூற்று இருபத்தொன்று.
போர்டிங் அறைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு
(சுவரில் வேர்க்கும் ஈரம் இலவசம்).
மிச்சம் இருபத்தொன்பதாயிரத்து நூற்று எழுபத்தொன்பது.

அம்மாவுக்குப் போன மாதம் இருபத்திரண்டு பேர் விழுந்தது.
இருபத்தொன்பதாயிரத்து எழுநூறு.

இரண்டு முறை கழித்தேன்.
நாலு வருடம் படித்தவள்
ஐந்நூற்று இருபத்தொரு ரூபாய் பின்னால் நிற்கிறேன்.

அம்மாவுக்குக் கழிவு பழக்கம்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று
தராசுக்காரன் வாயெடுக்கும்போதே
அவன் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள்.
சில நாள் அரைக் கிலோ திரும்பி வரும்.
நான் யார் முகத்தைப் பார்ப்பது?
பன்னிரண்டு இலட்சம் கேட்டேன்.
பத்திரத்துக்கு, காப்புறுதிக்கு எனக் கிள்ளியதுபோக
வந்தது பதினொன்று எழுபது.
எண்பத்துநாலு மாதத்தில் போகப்போவது
பத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரம்.
பிணைக்கு நின்ற பாடசாலைக் கிளார்க் ரெஜினோல்ட்
வீதியில் கண்டால் சுகம் விசாரிப்பதில்லை:
"இந்த மாசம் கட்டியாச்சா?"

டிலுக்ஷனா இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டாள்.
தோஹாவில் பிள்ளை பார்க்கிறாள், ஒன்றரை இலட்சம்.
எப்படி இருக்கிறாய் என்று அனுப்பினால்
பதில் வர இரண்டு நாளாகும்.
அவளை எந்தப் பக்கத்தில் எழுதுவது,
வரவிலா, செலவிலா?

இன்று காலை படியேறி வந்தார்
வங்கியின் கடன் பிரிவு ஞானசேகரம் சேர்.
பதவி உயர்வுக்கு மருத்துவ ரிப்போட் வேண்டுமாம்.
சட்டைக் கையைச் சுருட்டும்போதுதான் என்னை அடையாளம் கண்டார்.
"நம்ம லோன் புள்ளதானே?"
நல்ல நரம்பு. ஒரே குத்தில் வந்தது.

மூன்று மாதச் சீனி: ஒன்பது புள்ளி ஒன்று.

பின்னேரம் வந்து தாளைப் பார்த்தார்,
பிறகு கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்:
"கொஞ்சம் குறைச்சுப் போட முடியாதாம்மா?
ஏழரை, எட்டு?"

மூன்று வருடத்துக்கு முன் அவர் மேசைக்கு முன்னால்
நானும் இப்படித்தான் கேட்டேன்.
பதினாலரையை ஒரு பன்னிரண்டாக்க முடியாதா என்று.
"சிஸ்டம் விடாது பிள்ளை" என்றார் அன்று,
இதே கையால் தேநீரைக் கலக்கியபடி.

"மெஷின் விடாது சேர்" என்றேன்.

இனித்தது.
பொய் சொல்வானேன், அந்த ஒரு நொடி
அவருடைய சீனியில் கொஞ்சம் எனக்கும் ஏறியது.

ஆனால் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு.
ரிப்போட் அடிப்பதற்கு முன்னால்,
மிஞ்சிய இரத்தத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.
யாரும் கேட்கவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால்
அந்தக் குப்பியின் விலையையும் என் சீட்டில் கழிப்பார்.
மறுபடியும் ஒன்பது புள்ளி ஒன்று.
என்னுடைய கணக்கை
யாராவது இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தார்களா?
தெரியாது. ஓட்டியிருந்தாலும்
அதே எண்தான் வந்திருக்கும்போல.

ஆறரைக்கு அம்மா எடுத்தாள்.
மேல்மலையில் விடாத மழையாம்,
பதினோரு மணிக்கே இறக்கிவிட்டார்களாம்,
அரைப்பேர்தானாம்.

சீட்டைத் திருப்பி மறுபடி கழித்தேன்.
"அப்படின்னா இந்த மாசம் நான்தாம்மா முன்னால,
நூற்று ஐம்பத்துநாலு ரூவா."

இருமல் பாதி, சிரிப்பு பாதியாகச் சொன்னாள்:
"பாத்தியா, படிச்சது வீண் போகல."